தறிக்கூடத்தில் ஆராதனை

1

தேவாலயத் திறப்பு முடிந்தபின், அதன் மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று பாஸ்டர் பித்ருஸ் கேட்டார். "நல்லதா நாலு வரி போதும், தம்பி." எழுத உட்கார்ந்தேன். வந்தது இந்தக் கதை.

முதல் வரி: 'கடுனா நகரின் நெசவாலை மூடப்பட்ட அன்று ஊரே திரண்டு...'

அடித்துவிட்டேன். ஊர் திரளவில்லை. அவரவர் சோற்றுப் பாத்திரத்தோடு வீட்டுக்குப் போனார்கள்.

2

அப்படிப் போனவர்களில் பாஸ்டரின் சபையைச் சேர்ந்த ரஹிலாவும் யாஷிமும் உண்டு. அவள் தறிக்கூடம், அவள் கணவன் சாயப்பிரிவு. வேலை போனபின் அவனுக்கு நெஞ்சுவலி வந்தது. வைத்தியத்துக்கு வழியில்லை. செத்துப்போனான்.

(பாஸ்டரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. யாஷிமுக்குக் குழி வெட்டியவர் அவர்தான். ஆலைத் தொழிலாளர் வீடுகளுக்குச் சோளமாவு சுமந்தவரும் அவரே.)

ஊரை ஆற்றுக்கு இரு கரையாகப் பிரித்த கிறிஸ்தவ-முஸ்லிம் கலவரத்துக்குப் பின் ஆற்றைத் தாண்டாதிருந்த இமாம் நூஹுவும் பாலம் கடந்து வந்தார். ஆலையைத் திறக்கச் சொல்லி இரு கூட்டமும் வாசலில் சேர்ந்து நின்று ஜெபித்தன, தொழுதன. முதலாளி பாஸ்டரையும் இமாமையும் உள்ளே கூப்பிட்டார். ஆலை இனித் திறக்காது என்றார். தறிக்கூடத்தைத் தேவாலயத்துக்கும் கிடங்கைப் பள்ளிவாசலுக்கும் எழுதிக்கொடுத்தார்.

அப்புறம் வாசலில் யாரும் நிற்கவில்லை. தறிகள் பழைய இரும்புக்குப் போயின.

3

"கதவு திறக்கணும்னுதானே பாஸ்டர் உபவாசம் இருந்தோம்?" என்றாள் ரஹிலா.

"திறந்துடுச்சேம்மா."

"வேலைக்குத் திறக்கச் சொன்னோம்."

"நான் வேணாம்னிருந்தா இரும்புக்காரன் கூரையையும் பிரிச்சிருப்பான். மழையில நின்னு ஜெபிக்கச் சொல்றியா?"

"வாசல்ல நின்னப்ப மட்டும் வெயிலா அடிச்சுது?"

(இங்கே அவருக்கு ஒரு நல்ல பதில் எழுதிக்கொடுக்க ஆசைப்பட்டேன். கிடைக்கவில்லை.)

4

திறப்பு ஆராதனையில், பழைய தொழிலாளி ஒருவர் சாட்சி சொல்லட்டும் என்று பாஸ்டர் ரஹிலாவை மேடைக்கு அழைத்தார்.

ஒரு முடிவு: அவள் பாஸ்டரைக் கிழித்துத் தொங்கவிடுகிறாள்.

இன்னொன்று: ஸ்தோத்திரம் சொல்லி அழு...

இரண்டும் நடக்கவில்லை. அவள் மைக்கைக் கீழே வைத்தாள். தறி ஓடும்போது பேச்சு காதில் விழாது. ஆலைக்காரர்கள் கையாலும் உதட்டாலும் பேசிப் பழகியவர்கள். அப்படித்தான் பேசினாள், சத்தமே இல்லாமல், நீண்ட நேரம். பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். அப்புறம் பத்துப் பேர். ஆலையில் வேலை செய்த எல்லோரும் வெளியே போனார்கள். அவளும் போனாள்.

பாஸ்டர் என் பக்கம் குனிந்தார். "என்ன சொன்னா?"

"தெரியல, பாஸ்டர்."

போனவர்களைக் கேட்டேன். ஒருவரும் சொல்லவில்லை. மலரில் அந்த இடத்தை வெற்றாக விட்டிருக்கிறேன். உங்கள் ஊரிலும் ஓர் ஆலை மூடியிருந்தால், அவள் சொன்னது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

(                                        )