தரம்ஷிபாயின் ஆட்சேபணை

அந்தப் பெண் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, கைப்பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்தாள். முதல் ஐந்து பக்கங்களைப் புரட்டித் தள்ளிவிட்டுக் கடைசிப் பக்கத்தை என் பக்கம் திருப்பினாள். அதன் அடியில் இருந்த கையெழுத்துக்குப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, "இது யாரு கையெழுத்துன்னு தெரியுதா?" என்று கேட்டாள்.

"தரம்ஷிபாய் கோட்டேச்சா. எங்க கட்சிக்காரரு. காந்தா சோப்பு அவருதுதான்."

"மேல இருக்கிற தேதியப் படிங்க."

"அக்டோபர் பத்து."

"அவரு ஆகஸ்ட் இருபத்தொண்ணுல போயிட்டாரு," என்றாள். கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. மருந்துச் சீட்டில் எழுதியிருப்பது புரியாமல் கடைக்காரனிடம் காட்டிக் கேட்பவள் போல இருந்தாள். "நான் அவரு மக. ஜாக்ருதி."

இருங்கள், டீ சொல்கிறேன் என்று எழுந்து வெளியே வந்துவிட்டேன். அகமதாபாத்தில் பதில் தெரியாத எல்லாக் கேள்விக்கும் முதல் பதில் டீதான்.

என் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் ஆசிரம ரோட்டில் பாரிக் சாகேப் என்ற வக்கீலிடம் பத்தொன்பது வருடமாகக் குமாஸ்தா. ஒவ்வொரு திங்கட்கிழமையும் டிரேட்மார்க் ஜர்னல் வெளியாகும். நாட்டில் யார் யார் தங்கள் சரக்குக்கு என்னென்ன பெயர் கேட்டிருக்கிறார்கள் என்று அதில் போடுவார்கள். பெயரை உடனே பதிந்து கொடுத்துவிட மாட்டார்கள். இது என் பெயர், கொடுக்காதே என்று சொல்ல உலகத்துக்கு நான்கு மாதம் அவகாசம் உண்டு. உலகத்துக்கு அதைப் படிக்கிற பொறுமை ஏது? என்னைப் போன்றவர்கள்தான் உட்கார்ந்து படிப்பது. சோப்பு, தைலம், அப்பளம், பம்ப்செட், பனியன் என்று வாரத்துக்கு ஆயிரக்கணக்கில் பெயர்கள் வரும். எங்கள் கட்சிக்காரர்களின் பெயருக்குக் கொஞ்சம் சாயல் இருந்தாலும் என் கண் அங்கே நின்றுவிடும். மூக்குக்கண்ணாடியைத் தேடி நான் வீடெல்லாம் அலைவதைப் பார்த்து என் மனைவி, "ஊரான் பேரெல்லாம் கண்ணுல படும், மூக்கு மேல இருக்கறது படாது," என்பாள். கட்சிக்காரர் சார்பில் நாங்கள் ஆட்சேபணை போட்டால், எதிராளி இரண்டு மாதத்துக்குள் பதில் போட்டாக வேண்டும். போடாவிட்டால் அவர் கேட்ட பெயரை அவராகவே விட்டுவிட்டதாக அர்த்தம்.

ஜூன் பதினாறாம் தேதி ஜர்னலில் 'காந்தாபா', அதாவது காந்தா அம்மா, என்ற பெயரைப் பார்த்தேன். பாத்திரம் தேய்க்கும் பவுடர். விண்ணப்பதாரர் ஜாக்ருதி ஹிதேஷ்பாய் மக்வானா, நடியாத். காந்தா சோப்புக்கு நேரடிப் போட்டி. சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்தேன். இவர் தரம்ஷிபாயின் மகள் என்று எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு நடுப்பெயர் அப்பாவுடையது. கல்யாணம் ஆன அன்றே அதை எடுத்துவிட்டுப் புருஷன் பெயரை வைத்துவிடுவோம். கடைசிப் பெயரும் புருஷன் வீட்டுடையது. ஜாக்ருதி தரம்ஷிபாய் கோட்டேச்சா என்ற பெண் காகிதத்தில் எங்கேயும் இல்லை. அதிலும் கோட்டேச்சா வீட்டுப் பெண் சாதி விட்டு மக்வானா வீட்டுக்குப் போவாள் என்று எங்கள் ஊரில் யாரும் சுலபத்தில் நினைத்துப் பார்க்க மாட்டார்கள். நானும் நினைக்கவில்லை.

வராந்தாவில் நின்று பாரிக் சாகேப்புக்குப் போன் போட்டேன். கோர்ட்டில் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"செத்துட்டாருன்னு உனக்குத் தெரியாதா?"

"யாரும் சொல்லல சாகேப். ஃபேக்டரியில இப்ப அவரு தம்பி பையன் உக்காந்திருக்கான். நம்ம கடுதாசிக்கெல்லாம் எப்பவும் போலப் பதில் வருது."

"சரி, கேட்டுக்க. தேதி டைப்பிங் தப்பு. கையெழுத்து ஜூன்லயே வாங்கினது. எல்லாம் அவருகிட்டக் காட்டி, அவரு பாத்து, சரின்னு சொல்லித்தான் பண்ணினோம். இத மட்டும் சொல்லு. வேற வாயத் தொறக்காத. வெத்துத் தாள் விஷயம் வெளிய வந்தா என் லைசென்ஸும் போகும், உன் சோறும் போகும்."

வெத்துத் தாள் விஷயம் இதுதான். ஆட்சேபணையின் கடைசிப் பக்கத்தில், மேலே சொன்னதெல்லாம் உண்மை என்று கட்சிக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொரு தடவையும் கிழவர்களைத் தூசியிலும் வெயிலிலும் வரவழைக்க முடியுமா? வருகிறபோது பத்துப் பன்னிரண்டு வெற்றுத் தாள்களின் அடியில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வோம். தேவைப்படும்போது மேலே அச்சடித்துக்கொள்வது. கட்சிக்காரர்களுக்கும் அதுதான் சௌகரியம். ஜூனில் வட்டம் போட்ட பெயருக்கு, வழக்கம் போலக் கடைசி வாரம் வரை ஆறப்போட்டு, அக்டோபரில் ஒரு தாளை எடுத்து அச்சடித்து அனுப்பினேன். அன்றைக்கு அவர் போய் ஐம்பது நாள் ஆகியிருந்தது.

உள்ளே வந்தபோது அவள் டீயைத் தட்டில் ஊற்றி, குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். விரல் நுனிகளில் தோல் உரிந்திருந்தது. பவுடரைத் தானே கையால் கலக்குகிறாள் போல.

"ஜாக்ருதிபென், டைப்பிங்ல..." என்று ஆரம்பித்தேன். பென் என்றால் எங்கள் பக்கத்தில் சகோதரி.

"இருங்க கிரீட்பாய். நான் சண்டை போட வரல. முதல்ல நான் கேக்கறத முழுசாக் கேட்டுடறேன்." தட்டை நகர்த்தி வைத்தாள். "காந்தா எங்க அம்மா பேரு. அம்மா போனப்புறம் நான் ஹிதேஷக் கட்டிக்கிட்டு வந்துட்டேன். ஆறு வருஷம் அப்பா பேசல. போன் எடுக்க மாட்டாரு. கடுதாசி அப்படியே திரும்பி வரும். வீட்டுல இருந்தப்ப சாப்பிடும்போது சொல்லுவாரு, இன்னிக்கு மெஹ்சானால ஒருத்தன் காந்தான்னு பேரு போட்டிருக்கான், நம்ம கிரீட் புடிச்சிட்டான்னு. அவன் கண்ணுக்கு ஈ கூடத் தப்பாதுன்னு உங்களப் பத்தி அவ்வளவு பெருமை."

எனக்கு அந்த இடத்தில் அழுகை வரும் போலிருந்தது. யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை.

"நடியாத்ல பத்து கடைக்குப் பவுடர் போடறேன். அதுக்குப் பேரு பதியணும்னு என்ன தலையெழுத்து? பேரு அந்தப் புஸ்தகத்துல வரும். நீங்க பாப்பீங்க. அவருகிட்டச் சொல்லுவீங்க. அம்மா பேர எவ எடுத்தான்னு அவரு அட்ரஸ் பாப்பாரு. திட்டறதுக்காவது வருவாருன்னு நெனச்சேன். அதுக்காகத்தான் போட்டேன்."

ஜூன் பதினாறில் நான் போட்ட வட்டத்தை நினைத்துக்கொண்டேன்.

"ஜூன்ல வந்துச்சு. ஜூலை பூராக் காத்திருந்தேன். ஆகஸ்ட்ல பேப்பர்ல, துக்கம் கேக்க வரச் சொல்லி பேஸ்ணா விளம்பரம் பாத்துத்தான் அவரு போனதே தெரியும். நாலு மணிக்குப் போயி, பொம்பளைங்க பக்கம் கடைசியில உக்காந்து, கையெடுத்துக் கும்பிட்டு வந்தேன். இப்ப இது வந்திருக்கு." கடைசிப் பக்கத்தைத் தட்டினாள். "அவருக்குத் தெரியுமா? அதுமட்டும் சொல்லுங்க. நான்தான்னு தெரிஞ்சு கையெழுத்துப் போட்டாருன்னா நான் பதில் போடல. பேர விட்டுடறேன். அவரு கடைசியாச் சொன்னது அதுன்னா, அப்படியே இருக்கட்டும்."

சாகேப் சொல்லிக் கொடுத்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. அவரிடம் காட்டி, அவர் பார்த்து, சரி என்றார். அதைச் சொல்லிவிட்டால் என் வேலை நிலைக்கும், ஆபீஸ் பிழைக்கும், இவள் எழுந்து பேருந்து ஏறி நடியாத் போய்விடுவாள். அம்மா பெயரையும் விட்டுவிடுவாள். உயிரோடு இருந்த வரை அப்பா தன்னை வேண்டாம் என்றார் என்று மிச்ச நாளெல்லாம் நினைத்துக்கொண்டிருப்பாள்.

"அவருக்குத் தெரியாது," என்றேன். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது. வெத்துத் தாள் கதையை முழுக்கச் சொன்னேன். ஜூன் பதினாறு வட்டத்தையும் சொன்னேன்.

"நீங்க ஜூன்லயே பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அப்ப ஒரு போன் பண்ணிச் சொல்லியிருந்தா?"

"முன்னெல்லாம் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன் பென். ஆறேழு வருஷம் முன்னால அவருதான் நிறுத்தினாரு. இனிமே எனக்குச் சொல்லாத, யாருன்னும் சொல்லாத, காந்தான்னு எது வந்தாலும் போட்டுடுன்னாரு."

அவள் முகம் மாறியது. எந்தப் பக்கம் மாறியது என்று எனக்குப் புரியவில்லை. "ஆறா, ஏழா?"

"ஞாபகம் இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நான் வீட்ட விட்டு வந்து ஆறு வருஷம். ஏழுன்னா அம்மா போன சமயம்."

யோசித்தேன். நிஜமாகவே தெரியவில்லை. மனைவி போனபின் அந்தப் பெயரைக் காதால் கேட்கவே முடியாமல் நிறுத்தினாரா, மகள் என்றாவது அந்தப் பெயரை எடுப்பாள் என்று பயந்து நிறுத்தினாரா? அல்லது வயதான மனிதர், சும்மா சலித்துப்போய் நிறுத்தினாரா? போன ஹோலிக்கு முன்னால் தாள்களில் கையெழுத்துப் போட வந்தபோது, பேனாவை மூடிக்கொண்டே, "பொம்பளைங்க பேருலயும் விண்ணப்பம் வருதா?" என்று கேட்டார். நிறைய வருகிறது என்றேன். "ம்," என்றார். நான் அதற்கு அர்த்தம் ஒன்றும் எடுக்கவில்லை. இப்போது எடுக்கலாமா, கூடாதா? அதை அவளிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது. ஒரு குழப்பத்தைத் தீர்க்கப் போய் இன்னொன்றை அவள் மடியில் கட்டிவிட்டேன்.

"ம்னு எப்படிச் சொன்னாரு?"

"சும்மா, ம்னு."

"கோவமாவா?"

"தெரியல பென்."

"சரி. ஜூன்ல நீங்க சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பாரு? உங்களுக்கு அவர எத்தன வருஷம் தெரியும்?"

"பத்தொம்பது."

"எனக்கு இருபத்தொம்பது. எனக்கும் தெரியல." அவள் சிரித்த மாதிரி இருந்தது. பிறகு, "அவரு கையெழுத்துப் போட்ட தாளு இன்னும் மிச்சம் இருக்கா?" என்றாள்.

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நான் எழுந்து போய்க் கோப்பைத் திறந்தேன். இரண்டு இருந்தன. எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தேன். முழுத் தாளும் வெள்ளை. அடியில், வலது ஓரத்தில், நடுங்கும் குஜராத்தி எழுத்தில் தரம்ஷி. கோ. கோட்டேச்சா. கடைசி எழுத்தின் வாலைத் தாளின் விளிம்பு வரைக்கும் இழுத்துவிடுவது அவர் வழக்கம்.

"இதுல ஆட்சேபணைய வாபஸ் வாங்கறேன்னு எழுதிட்டா எனக்குப் பேரு கெடைச்சிடுமா?"

"செல்லாது பென். அவரு இல்லையே."

"அக்டோபர்ல மட்டும் செல்லுச்சா?"

போன் அடித்தது. பாரிக் சாகேப். எடுக்காமல் கவிழ்த்து வைத்தேன். பத்தொன்பது வருடத்தில் அவர் அழைப்பை நான் எடுக்காதது அதுதான் முதல் தடவை.

"வாபஸ் வேண்டாம்," என்றாள் அவள். "பதிலு நான் போட்டுக்கறேன், எங்க அம்மா பேருன்னு. கெடைக்குது, கெடைக்கல, அது அப்புறம்." ஒரு தாளை மட்டும் எடுத்து மேஜையின் நடுவில் நேராக வைத்தாள். என் பேனாவை எடுத்து மேல் ஓரத்தில் 'சி. ஜாக்ருதி' என்று எழுதினாள். எங்கள் வீடுகளில் பெரியவர்கள் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதினால் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள். சிரஞ்சீவி என்று அர்த்தம். பிறகு பேனாவை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் எழுதியதற்கும் அடியில் இருந்த கையெழுத்துக்கும் நடுவே ஒரு சாண் வெள்ளை. அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கடைசியில் தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினாள். மேலே பேனாவையும் வைத்தாள்.

"நீங்க எழுதுங்க கிரீட்பாய். இத்தன வருஷமா அவருக்காக எழுதறவரு நீங்கதான?"

எழுதுபவன் நான்தான். எதிராளியின் பெயர் எங்கள் பெயரைப் போலவே இருந்து பொதுமக்களைக் குழப்பும், எனவே மறுக்கப்பட வேண்டும் என்று அவர் குரலில் நூறு தடவை எழுதியிருக்கிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பேனாவைக் கையில் எடுத்தேன். அதைத் தவிர எந்த வாக்கியமும் வரவில்லை. வேறு வழியில்லாமல், எந்தக் காகிதம் வந்தாலும் நான் முதலில் கேட்கிற கேள்வியைக் கேட்டேன்.

"தேதி என்ன போட?"

அவள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். அதில் டிசம்பர் தொங்கிக்கொண்டிருந்தது.

"அவரு இருந்த ஏதாவது ஒரு நாளப் போடுங்க," என்றாள்.

நான் வலது மூலையில் ஜூன் பதினாறு என்று எழுதினேன். அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, இரண்டு முழங்கைகளையும் மேஜையில் ஊன்றி, உரிந்த விரல்களைக் கோத்து மோவாயைத் தாங்கிக்கொண்டு, அடுத்து என்ன வரப்போகிறது என்று என் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.