சனிக்கிழமைச் சிவப்பு

விடிகாலை ஐந்து மணிக்கு நாலுவழிச் சாலையின் நடுத்திட்டு ஓரம் குனிந்தால் ஏழரைக்குத்தான் நிமிர்வோம். துறைமுக லாரிகள் சிந்திவிட்டுப் போகும் கரித்தூளும் மணலும் பனி ஈரத்தில் அப்பிக் கிடக்கும். விளக்குமாற்றுக்கு வராது, தகரத்தால் சுரண்ட வேண்டும். மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். முதுகுக்குப் பின்னால் ஒரு முழத் தூரத்தில் வண்டிகள் பறக்கும். எங்களுக்குக் கொடுத்த பாதுகாப்பு, ஒளிரும் பச்சைச் சட்டை ஒன்றுதான். அடித்துப் போட்ட பிறகு ஆளைத் தேட அது உதவும்.

போன சனிக்கிழமை எங்களோடு கூட்டிக்கொண்டிருந்த செல்லம்மாளை அப்படித்தான் தேடினோம். திருநள்ளாற்றுக்குப் பறந்த ஒரு கார் அவளைத் தூக்கி நடுத்திட்டு அரளிச் செடிக்குள் எறிந்திருந்தது. வலது கால் முழங்காலோடு போயிற்று.

ஒப்பந்தக்காரர் அம்பலவாணன் ஆப்பிளோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். "சனிக்கிழமை, அதுவும் சனி பகவான் ஊரு வாசல்ல. அவளுக்கு ஏழரை நடக்குது போல. நாம என்ன பண்ண முடியும்?" என்றார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நாங்களும் நம்பினோம். எங்களில் மூத்தவள் ராசாத்தியும் நானும் நளதீர்த்தத்தில் முழுகி, செல்லம்மாள் பேருக்கு எள் தீபம் போட்டுவிட்டு வந்தோம்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கீர்த்திகா வந்தாள். பக்கத்து ஊரான நெரவிப் பெண். சுங்கச்சாவடி மாடியில், கட்டுப்பாட்டு அறையில் கம்ப்யூட்டர் பார்க்கிறாள். அவளும் அம்பலவாணன் வேலைக்கு வைத்த ஆள்தான். சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எத்தனை வண்டி போவுது, என்ன வேகம், எவ்வளவு நெருக்கமா வருதுன்னு ரோட்டு கேமரா பாத்துக்கிட்டே இருக்குங்க்கா. அதை வச்சு, அடுத்த அரை மணியில எங்க விபத்து நடக்கலாம்னு கம்ப்யூட்டர் சொல்லும். பச்சை, மஞ்சள், சிவப்பு. சிவப்புன்னா ரோட்டுல ஆள் நிக்கக் கூடாது, நான் உடனே ஒப்பந்தக்காரருக்குப் போன் பண்ணணும். அன்னைக்கு அஞ்சே முக்காலுக்கே சிவப்பு."

"இவளை அடிச்சது ஆறு மணிக்கு," என்றாள் ராசாத்தி.

"ஆமாக்கா. சனிக்கிழமை எப்பவுமே சிவப்புதான், கோயிலுக்குப் போற அவசரம். வாராவாரம் வேலையை நிறுத்தினா எப்படி, சனிக்கிழமை மட்டும் போன் பண்ணாதேன்னு அவரு சொன்னாரு. நானும் பண்ணல."

எனக்கு அவளை அறைய வேண்டும் போலிருந்தது. செல்லம்மாள்தான் வாய் திறந்தாள். "பாவம் அந்தச் சாமி. செய்யாத குத்தத்துக்கு அதும் மேல பழியப் போட்டோம்." பிறகு கீர்த்திகாவைப் பார்த்து, "அடுத்த சனிக்கிழமை எங்களுக்குப் போன் பண்ணுவியா?" என்றாள்.

இந்தச் சனிக்கிழமை நாங்கள் பதினோரு பேரும் சாலையில் ஏறவில்லை. ஓரத்து மண்ணில் விளக்குமாறுகளைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். அம்பலவாணன் காரை விட்டு இறங்கினார்.

"என்ன, கருமாதிக்கு வந்த மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"சிவப்பா பச்சையான்னு சொல்லுங்க, ஏறுறோம்," என்றாள் ராசாத்தி.

"அது ஆபீஸ் விஷயம். உங்களுக்கு எதுக்கு?"

"காலு எங்களுதுங்க."

ராசாத்தியின் போன் அடித்தது. எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள். "அக்கா, சிவப்பு. யாரும் ஏறாதீங்க."

அம்பலவாணன் போனைப் பிடுங்கினார். "கீர்த்திகா, நாளையிலேருந்து நீ வேலைக்கு வர வேணாம்."

"சரிங்க சார். இன்னைக்கு எட்டு மணி வரைக்கும் என் டூட்டி. அதுவரைக்கும் சொல்லுவேன்."

அவர் போனை ராசாத்தியின் மடியில் எறிந்தார். "இந்த ரோட்டைக் கூட்ட ஊர்ல ஆளா இல்ல?"

ஆள் இருந்தது. அரை மணியில் கோட்டுச்சேரியிலிருந்து ஒரு வேன் வந்து பத்துப் பெண்களை இறக்கியது. மடிப்புக் கலையாத பச்சைச் சட்டைகள். முன்னால் வந்தவள் விளக்குமாற்றோடு தாரில் ஒரு கால் வைத்தாள். நம் பிழைப்பு போயிற்று என்றுதான் நினைத்தேன்.

செல்லம்மாள் சேதியும் கலர் சேதியும் கோட்டுச்சேரி வரைக்கும் போயிருக்க வேண்டும், அவள் அரளிச் செடியைப் பார்த்தாள். ஒடிந்த இடம் இன்னும் தழைக்கவில்லை. எங்களைப் பார்த்தாள். ஒரு கார் காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"இப்ப என்ன கலருக்கா?"

"சிவப்பு," என்றாள் ராசாத்தி.

"அப்ப கொஞ்சம் நகந்து உக்காருங்க. பத்துப் பேரு இருக்கோம்."