நூறு வாட்டு ஆள்

என் மகள் செய்துகொண்டிருந்த படம் நான்கு நிமிடம்தான் ஓடும். ஒரு கடல், தான் இருக்கும் ஊர் பிடிக்காமல் எழுந்து கிளம்பிப் போகிறது. கடைசியில் மனசு கேட்காமல் துளித்துளியாகத் திரும்பி வருகிறது. அவ்வளவுதான் கதை. ஆனால் ஒவ்வொரு துளிக்கும் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எந்தப் பக்கம் போகிறது என்று கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டு கணக்குப் போட வேண்டும். போட்டது. போடப் போடச் சூடானது.

நான் முப்பத்து நான்கு வருடம் வானிலை நிலையத்தில் பலூன் விட்டவன். எனக்குப் பொய் சொல்லி வழக்கமில்லை. அந்தக் கார்டு வந்த மாதத்திலிருந்து எங்கள் வீட்டுக்குத் தனிப் பருவநிலை உண்டு. மகளின் அறையில் கோடை, சமையலறையில் குளிர், நடுக்கூடத்தில் இரண்டும் கெட்டான். காலை பத்து மணிக்குச் சமையலறையிலிருந்து அறையை நோக்கி ஒரு காற்று கிளம்பும். ஈரத்துண்டு ஏழு நிமிடத்தில் காயும். வெப்ப நாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஏழு தகைவிலான் குருவிகள், வந்து சேர்ந்துவிட்டோம் என்று நினைத்து ஜன்னல் வழியாக உள்ளே வந்து, திரைக்கம்பியில் இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்துவிட்டுப் போயின. சந்தேகப்படுகிறவர்கள் கம்பியை வந்து பார்க்கலாம். இன்னும் துடைக்கவில்லை.

என் மனைவி, "நீங்க எல்லாரும் வெந்து முடிச்சதும் சொல்லுங்க, வரேன்" என்று அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

படம் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் ஒரு பெரிய படக்குழு பார்க்கும். பிடித்தால் அவளைச் சேர்த்துக்கொள்ளும். ஐந்து மணி ஒரு நிமிடம் என்றால் கதவு மூடிவிடும். இரண்டு வருட உழைப்பு. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஆயிரத்து நானூறு சட்டகங்கள், அவள் மொழியில் ஃப்ரேம்கள், பாக்கி. ஒன்றுக்கு இரண்டு நிமிடம். தாராளமாக முடியும் என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை, கம்ப்யூட்டர் பொட்டென்று அணைந்தது.

குளிர்சாதனப் பெட்டி மெக்கானிக்கான என் மச்சினனைக் கூப்பிட்டேன். மூன்று மணிக்கு வருவதாகச் சொன்னான். அதற்குள் இன்னும் இரண்டு முறை அணைந்தது. முந்தின இரவு முழுக்க விழித்திருந்த மகள், "அப்பா, அணைஞ்சா திரும்பப் போடுங்க. வேற எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கூடத்தில் படுத்தாள்.

நான் வேறு எதையும் தொடவில்லை. ஓய்வு பெற்றபோது நிலையத்தில் எனக்குக் கொடுத்த பழைய வெப்பமானிப் பெட்டி ஒன்று பரணில் இருந்தது. வெள்ளைப் பெயின்ட், நாலு பக்கமும் சாய்வுப் பலகை. என் அனுபவத்தில் அந்தப் பெட்டிக்குள் வைத்த எந்தக் கருவியும் சூட்டால் கெட்டதில்லை. அதை இறக்கி, கம்ப்யூட்டரைத் தூக்கி உள்ளே வைத்து, கதவையும் சாத்தினேன். பார்க்க ரொம்ப லட்சணமாக இருந்தது.

மச்சினன் வந்து கதவைத் திறந்தபோது பெட்டிக்குள்ளிருந்து வந்த காற்றில் அவன் மீசை சுருண்டது. கம்ப்யூட்டர் எப்போதோ அணைந்திருந்தது. ஐந்து மணி நேரத்தில் மொத்தமே நாற்பது சட்டகம் தேறியிருந்தது.

"அத்தான், இது என்ன?"

"வெப்பமானிப் பெட்டி."

"வெப்பமானி சூட்டை அளக்கும். இது சூட்டைப் பெத்துப் போடும். பிரசவ அறையை இழுத்துச் சாத்திட்டு உக்காந்திருக்கீங்களே."

மகள் எழுந்து வந்தாள். பெட்டியைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மச்சினன் கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றி, விசிறிகளில் அடைந்திருந்த தூசியை ஊதினான். "பாப்பா, கரண்ட் கொடுக்கிற பெட்டி ஐந்நூத்தம்பது வாட்டு. உன் கார்டு ஒண்ணே முந்நூத்தம்பது சாப்பிடுது, நடுவுல கண்ணிமைக்கிற நேரம் அதுக்கு மேலயும் இழுக்குது. இந்தப் பெட்டி தாங்காது. அதோட சாப்பாட்டைக் குறைக்க வழி இருக்கா?"

"இருக்கு மாமா. எழுபது சதவீதத்துக்கு மேல போகாதேன்னு கட்டுப்படுத்தலாம். ஆனா வேகம் குறையுமே."

"எவ்வளவு குறையுதுன்னு பாரேன்."

குறைத்துப் பார்த்தாள். சட்டகத்துக்குப் பத்து விநாடிதான் கூடியது. சூடு எண்பத்திரண்டு டிகிரியிலிருந்து எழுபத்தொன்றுக்கு இறங்கியது. நூற்றுக்கு முப்பது பங்கு சாப்பாட்டை அந்தக் கார்டு ருசிக்காகத்தான் சாப்பிட்டிருக்கிறது.

"அத்தான் மாதிரியே," என்றான் மச்சினன்.

சனிக்கிழமை நாலு மணி சுமாருக்கு முடியும் என்று கணக்கு வந்தது. அதற்குப் பிறகு வீட்டில் எல்லோரும் மெதுவாக நடந்தோம். திரையில் கடல் ஒவ்வொரு சட்டகமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. அறை முழுக்க நீலம். சுவரில் அலையின் நிழல் ஏறி இறங்கியது. மச்சினன் நாற்காலியில் தூங்கும்போது அவன் குறட்டையும் அதே தாளத்தில் ஏறி இறங்கியது. வெள்ளிக்கிழமை மதியம் சுவர்க்காலண்டரின் ஓரத்தில் நாக்கை வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு வெளியே வெயில் கொளுத்த ஆரம்பித்தது. ஜன்னலைத் திறந்தால் அனல் உள்ளே வந்தது, சாத்தினால் உள்ளே இருப்பது வெளியே போகவில்லை. ஏசியைப் போட்டால் பழைய வயரிங், கம்ப்யூட்டரோடு சேர்த்து மெயின் விழுந்துவிடும். கார்டு எண்பத்து மூன்றைத் தொட்டதும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. சட்டகத்துக்கு மூன்று நிமிடம். இரண்டரை மணிக்கு நாற்பத்தெட்டுச் சட்டகம் பாக்கி.

மகள் விரல் விட்டு எண்ணினாள். "நாலு ஐம்பத்துநாலு. அனுப்பக் கால் மணி நேரம் வேணும். முடியாது மாமா."

மச்சினன் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தான், கெட்டுப்போன கம்ப்ரசரைப் பார்ப்பதுபோல.

"குளிர் அறை கட்டும்போது உள்ளே எத்தனை ஆள் வேலை செய்வாங்கன்னு கேப்போம். ஏன்னா ஒரு ஆள் சும்மா உக்காந்திருந்தாலே நூறு வாட்டுச் சூடு. இங்க மூணு பேர். கார்டுல குறைச்ச சூட்டை நாமளே திருப்பிக் கொடுத்துக்கிட்டு இருக்கோம். எல்லாரும் வெளிய."

"நான் இல்லாமயா?" என்றாள் மகள். "நடுவுல ஏதாவது ஆயிட்டா?"

"நீ இருந்தா கண்டிப்பா ஆகும்."

"மூச்சுகூட விடாம ஒரு ஓரமா உக்காந்துக்கறேன்."

"மூச்சு விடாட்டியும் நூறுதான் பாப்பா."

அவள் திரையை அணைத்தாள், அது வேறு முப்பது வாட்டு. வாசல்வரை வந்தாள், திரும்பினாள், மறுபடி வந்தாள். இரண்டு வருடம் கூடவே இருந்த கடலை, கடைசி இரண்டு மணி நேரம் தனியாக விட்டுவிட்டு வர அவளுக்குக் கால் எழவில்லை. நான் கையைப் பிடித்தேன். இழுத்துக்கொள்ளவில்லை.

மாடிப்படியில் மூவரும் உட்கார்ந்தோம். நிழல் விழுந்திருந்த பின்ஜன்னலை மட்டும் திறந்து, வாசல் கதவைச் சாத்தியிருந்தோம். முதலில் உள்ளே விசிறி அலறுவது கேட்டது. பிறகு அது இறங்கிச் சீறலாயிற்று. பிறகு சீறல் சீறலாக இல்லாமல், தூரத்தில் ஏதோ உருண்டு வந்து கரையில் விழுவதுபோல ஆயிற்று. கதவின் அடியிலிருந்து காற்று வந்து எங்கள் பாதங்களை நனைத்துவிட்டுத் திரும்பிப் போனது. மகள் கண்ணை மூடியபடி உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். முப்பத்தொன்று. முப்பது. நான் ஒரு படி மேலே ஏறி உட்கார்ந்தேன்; வேட்டி நனைந்துவிடும்.

நாலு பதினான்குக்கு விசிறி நின்றது.

"நீங்க ரெண்டு பேரும் இங்கயே இருங்க," என்று அவள் மட்டும் உள்ளே போனாள். மச்சினன் செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான். நான் ஒன்றும் செய்யவில்லை. எனக்கு முன் அனுபவம் போதாது என்று தெரிந்துவிட்டது.

நாலரைக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது வெளியே வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் சாய்ந்தாள்.

"போய்ச் சேந்துடுச்சுப்பா. முழுசா."

அப்படியே தூங்கியும் விட்டாள். நூறு வாட்டும் என் தோள்மேல் இறங்கியது. சுகமாகத்தான் இருந்தது.

மச்சினன் எழுந்து, விளக்குமாறு எடுத்து வந்து, சத்தமில்லாமல் படிகளைப் பெருக்கினான். மணல் இரண்டு முறம் தேறியது.