இரண்டு கோட்டுகளும் ஒரு லிஃப்டும்

நாடகத்தை எழுதிவிடலாம், ஒத்திகையும் பார்த்துவிடலாம். அதற்கு ஓர் அரங்கத்தைத் தலையாட்ட வைப்பதற்குள்தான் நாக்குத் தள்ளிவிடும். மூன்று வருடமாக நாக்குத் தள்ளிப்போயிருந்த அக்கா, அன்று நாத்தனாரின் கறுப்புக் கோட்டை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு ஒரு கூட்டத்துக்குக் கிளம்பினாள். கூடவே தம்பி. நாடகத்தின் ஒரே நடிகன் அவன்தான். இந்தத் தடவையும் தேதி கிடைக்காவிட்டால் மாமாவின் டைல்ஸ் கடையில் போய் உட்காரப்போவதாகச் சொல்லிவிட்டான். மாமா ஸ்டூலைக்கூடத் துடைத்து வைத்துவிட்டாராம்.

"கோட்டு நல்லாத்தான் இருக்குக்கா. இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்லிடப் போறியோன்னு பயமா இருக்கு."

"வாயை மூடிட்டு வா."

அரங்கம் நடத்துபவர்களும் கலைஞர்களும் சந்தித்துப் பேசுவதற்கென்றே வைத்த கூட்டம் அது. அரங்கக்காரர்கள் கழுத்தில் நீல அட்டை, கலைஞர்கள் கழுத்தில் மஞ்சள். முறை வந்ததும் மேஜைக்குப் போய்ச் சில நிமிடம் பேசலாம். விவரம் தெரிந்தவர்கள் முறைக்குக் காத்திருப்பதில்லை. காபி மெஷின் பக்கத்திலேயே வலை விரித்துவிடுவார்கள்.

அங்கேதான் அவர் நின்றிருந்தார். ஐம்பது வயது, சாம்பல் நிறக் கோட்டு, கையில் சர்க்கரை போடாத காபி. அட்டை கோட்டுக்குள் மறைந்திருந்தது. இவ்வளவு நல்ல கோட்டு போட்டவர் அரங்கக்காரராக இல்லாமல் வேறு யாராக இருக்க முடியும்? தன் மஞ்சள் அட்டையும் நாத்தனார் கோட்டுக்குள் மறைந்திருப்பது அக்காவுக்கு உறைக்கவில்லை.

"ஒரு நிமிஷம் சார்" என்று தன் நாடகக் கதையை ஆரம்பித்தாள். ரிப்பேர் பார்க்க வந்த மெக்கானிக் லிஃப்டுக்குள் மாட்டிக்கொள்கிறான்; வெளியே அந்தக் கட்டடத்துக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து கதவிடம் தங்கள் குடும்பச் சண்டையைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவர் காபியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார். முடிவைச் சொல்ல அவள் மூச்சை இழுத்தபோது, அவர் முந்திக்கொண்டார்.

"பிரமாதம்மா. இப்ப நான் ஒண்ணு சொல்லட்டுமா?"

அவர் தன் அரங்கத்தில் ஏற்கெனவே நடந்த நிகழ்ச்சியைப் பற்றி ஏதோ சொல்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். "ம்", "அப்படியா" என்று முகத்தை மலர்த்தி வைத்துக்கொண்டு, மனசுக்குள் மேடை விளக்குகளை மாட்டிக்கொண்டிருந்தாள். அவர் கைகள் காற்றில் என்னென்னவோ செய்தன. ஓய்ந்ததும் ஒரே நேரத்தில் இருவர் வாயிலிருந்தும் வந்தது:

"அப்ப, தேதி எப்பக் குடுப்பீங்க?"



தம்பிதான் முதலில் அவர் கோட்டை விலக்கி எட்டிப் பார்த்தான். "சாரும் மஞ்சள்தான்க்கா."

"மாமனார் கோட்டு" என்றார் அவர், தலையைச் சொறிந்துகொண்டு. "நான் நடனக்காரன். போட்டுட்டுப் போங்க, நாலு பேர் மதிப்பாங்கன்னார்."

"மதிச்சிட்டோம் சார்" என்றான் தம்பி. "இன்னும் கொஞ்சம் விட்டா எங்கக்கா கால்லயே விழுந்திருப்பா."

அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள். நேரம் போதாதென்று இரண்டிரண்டு பேராக அனுப்பியதில் அவரும் இவளும் ஒரே மேஜையில் மாட்டினார்கள்; தம்பி பின்னால் நின்றுகொண்டான். எதிரே அரங்க நிர்வாகி அம்மாள்; ஜலதோஷம், காலையிலிருந்து கேட்டுக் கேட்டுச் சோர்ந்த முகம். அக்கா கதையை ஆரம்பித்த கையோடு அந்த அம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு கையை உயர்த்தினாள்.

"லிஃப்டுக்குள்ள ஒருத்தன். இதை எத்தனை நேரம் உக்காந்து பாக்குறது?"

 டைல்ஸ் கடை ஸ்டூல் அக்காவின் கண்முன் பளபளத்தது.

"நான் பாப்பேன்" என்றார் நடனக்காரர். "மூணாவது மாடிப் பாட்டுவாத்தியார் வந்து, 'என் பொண்டாட்டிகிட்ட நீயே சொல்லிடுப்பா'ன்னு கதவுகிட்ட கெஞ்சுறார் பாருங்க, அந்த இடம். பாவம், கதவு என்ன சொல்லும்? அந்த மெக்கானிக் வெளிய வந்தானா இல்லையான்னு தெரியாம எனக்குக் காபியே இறங்கல."

அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வந்தானா?"

"அதை மேடையில பாருங்கம்மா" என்றாள் அக்கா. சாமர்த்தியத்தில் சொன்னதல்ல. வேறெதுவும் வாயில் வரவில்லை.

நாடகத்துக்கு ஒரு சாயங்காலம் கிடைத்தது. அம்மாள் அதைத் தன் போனில் குறித்துக்கொண்டே, "சரி, உங்க நாடகத்தைப் பத்தி இவர் சொன்னார். இவரோடதைப் பத்தி நீங்க சொல்லுங்க" என்றாள்.

அக்கா வாயைத் திறந்தாள். உள்ளே ஒன்றுமில்லை. விளக்குகள்தான் இருந்தன.

"அதுல... கை வரும்" என்றாள்.

"ஆமா" என்று பெருந்தன்மையாகத் தலையாட்டினார் நடனக்காரர். "கை வரும்." அதற்கு மேல் அவருக்கும் தன்னைப் பற்றிப் பேச வரவில்லை. மணி அடித்துவிட்டார்கள். "அடுத்த சுத்துல வாங்க, ஒரு நிமிஷம் தரேன்" என்றாள் அம்மாள்.

வராந்தாவில் தம்பி அவளை ஓரக்கண்ணால் பார்த்தான். "கை வருமாம். கால் வீட்ல இருக்குமாக்கா?"

 அவள் நாத்தனார் கோட்டைக் கழற்றி அவன் தோளில் போட்டாள். படிக்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்த நடனக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"சார், நான் கேக்கவே இல்ல. சும்மா தலையாட்டிட்டு இருந்தேன்."

"தெரியும்மா. சிரிப்பு வராத இடத்துலல்லாம் சிரிச்சீங்க."

"முதல்லேர்ந்து சொல்லுங்க. அடுத்த சுத்துல நான்தான் பேசப்போறேன்."

அவர் கோட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "ஒரு டிராஃபிக் போலீஸ்காரர். ரிட்டயராகி வீட்டுக்கு வர்றார். கை மட்டும் நிக்க மாட்டேங்குது..."

இந்தத் தடவை அவள் மனசுக்குள் மேடை விளக்கு எதையும் மாட்டவில்லை.