ஒட்டுப் போட்ட பல்லுறை

வெள்ளிக்கிழமை கப்பல் கம்பெனியின் மருத்துவப் பரிசோதனை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் என் வீட்டுக்காரன் டெல்ஃபின், பாச்சோய் நூடுல்ஸ் சூப்பில் மிதந்த பன்றித்தோல் வறுவலை ஒரு கடி கடித்துவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பிலிப்பைன்ஸில் எங்கள் இலோயிலோ ஊரில் கப்பல்காரன் பெண்டாட்டிக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். பல்லில் விரிசல் என்று பரிசோதனையில் எழுதிவிட்டால் போச்சு. நடுக்கடலில் ஏது பல் டாக்டர்? அன்று சாயங்காலமே அந்த இடத்துக்கு வேறு ஆள் ஏறிவிடுவான். மகளின் நர்சிங் படிப்பு அந்தக் கப்பலை நம்பித்தான் இருந்தது.

நானும் ஓய்ந்து போயிருந்தேன். பத்து மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. அந்த இரண்டு மாதமும் பயிற்சிச் சான்றிதழ், போலீஸ் சான்றிதழ், தடுப்பூசி அட்டை என்றே ஓடிவிடும். நாளெல்லாம் மருந்துக்கடை வேலையில் நின்றுவிட்டு, அவனுக்காக இன்னொரு வரிசையில் போய் நிற்பேன். இப்போது பல் வேறு.

புதன்கிழமை காலையில் அவனைப் பல் டாக்டர் பால்மாரெஸ் அம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். எங்கள் இரண்டு பேரையும்விட வயதில் மூத்தவர். ஆம்பிளைகள் எல்லாரும் அவருக்குத் ‘தோத்தோ’தான், தம்பி என்கிற மாதிரி. பெண்கள் எல்லாரும் ‘இந்தாய்’, பெண்ணே என்கிற மாதிரி; டெல்ஃபினும் என்னை அப்படித்தான் கூப்பிடுவான். டாக்டர் எங்களுக்கு ‘டோக்’.

"ராத்திரி பல்லைக் கடிக்கிறியேன்னு ஒரு உறை செஞ்சு குடுத்தேனே, எங்க தோத்தோ அது?"

சட்டைப் பையிலிருந்து ஒரு சோப்பு டப்பாவை எடுத்துத் திறந்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் கண்ணாடி மாதிரி இருந்த சாமான், மஞ்சளாகப் பழுத்திருந்தது. கடைவாய்ப் பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு.

"இது என்னது?"

"ஓட்டை விழுந்துடுச்சு டோக். போன வருஷம் கப்பல்லயே ஒட்டுப் போட்டுட்டேன்."

"எதை வெச்சு?"

"எஞ்சின் ரூம்ல குழாய்க்குப் பூசற பசை. நல்லா காயவெச்சு, அரம் போட்டு ராவி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு..."

"சேசு மரி சூசை!" என்றார் டாக்டர்.

டெல்ஃபின் கப்பலில் பிட்டர், குழாயும் எஞ்சின் சாமானும் பழுது பார்க்கிறவன். மாற்றுச் சாமான் அடுத்த துறைமுகத்தில் வந்து சேரும்வரை எதையும் தூக்கிப் போடக்கூடாது, ஒட்டுப் போட்டு ஓட்டணும். அவர்களுக்கு அதுதான் வேதம். வாய்க்கும் அதையே செய்திருக்கிறான், படுபாவி.

"உன் ஒட்டு ஒரு தாள் கனத்துக்கு உயரமா நிக்குது," என்றார் டாக்டர். "தாடை பலமெல்லாம் அந்த ஒத்தைப் பல்லு மேல. பிளக்காம என்ன பண்ணும்?"

"இன்னும் கொஞ்சம் ராவியிருக்கணும்."

"ராவணுமாம்! ஏன் தோத்தோ, எஞ்சின்ல பேரிங் எப்ப மாத்துவ? உடைஞ்சப்புறமா?"

"ஐயோ, இல்ல டோக். எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு பாப்போம், அளவெடுப்போம்."

"இதுவும் அப்படித்தான். தேயறதுக்குன்னே செஞ்சது. பல்லுக்குப் பதிலா இது தேயுது. ஓட்டை விழுந்துட்டா அதோட வேலை முடிஞ்சுது. அதுக்கு முன்னாடியே தொளதொளன்னு ஆனாலோ, கீறல் விட்டாலோ, காலைல தாடை வலிச்சாலோ எங்கிட்ட கொண்டாந்து காட்டணும். வலிச்சுதா இல்லியா?"

"வலிச்சுது. எஞ்சின் சத்தத்துல கத்திக் கத்திப் பேசறதால இருக்கும்னு நினைச்சேன்."

டாக்டர் கைகழுவப் போனார். வேர்வரை சுத்தம் செய்ய வேண்டும், அது ஆறினபின் மேலே ஒரு தொப்பி, அந்தத் தொப்பிக்கு ஏற்றமாதிரி புது உறை. "ரெண்டு மாசம் ஆகும். வெள்ளிக்கிழமையை மறந்துடு," என்றார் முதுகைக் காட்டியபடியே. பிறகு என் பக்கம் திரும்பினார். "பக்கத்துல படுக்கறவ நீதானே இந்தாய்? உறை போயிட்டா சத்தமே மாறிடுமே. உனக்குக் கேக்கலியா?"

"படுத்தா நான் கட்டை, டோக்," என்றேன்.

பச்சைப் பொய். அவன் வந்த முதல் வாரமே கேட்டது. முன்பு மெத்தென்று நசுங்குகிற சத்தமாக இருந்தது, கல்லை அரைக்கிற மாதிரி ஆகியிருந்தது. கேட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். உறை செய்வதற்கு முன்னால் ஒரு தடவை, "நீ பல்லைக் கடிக்கிறது தாங்கல சாமி" என்று விளையாட்டாகச் சொன்னேன். வெட்கப்பட்டுத் தலையணையோடு கூடத்து சோபாவுக்குப் போனவன், கப்பல் ஏறுகிறவரை அங்கேயேதான் படுத்தான். வருஷத்துக்கு இரண்டு மாதம் கிடைக்கிற புருஷன். அதையும் சோபாவுக்குக் கொடுத்துவிட்டு நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

வீட்டுக்கு வந்து, டாக்டர் ஊசி போட்டு மரத்துப்போன வாயோடு, கப்பலுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்குப் போன் பண்ணினான். வேறு பிட்டர் தயாராக இருக்கிறானாம். "சரி சார், சரி சார்" என்று சொல்லிப் போனை வைத்தான். பத்தொன்பது வருஷத்தில் தவறவிட்ட முதல் கப்பல்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். இன்னும் இரண்டு மாதம் இருப்பான். மகள் படிப்பு, அவன் பல் எல்லாம் அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. சீ, நானும் ஒரு பொம்பளையா என்று என்மேலேயே வெறுப்பாக இருந்தது. அந்த வெறுப்பில்தான் சொல்லிவிட்டேன்.

"எனக்குத் தெரியும் டெல்ஃபின். சத்தம் மாறினது நீ வந்த வாரமே தெரியும்."

"பின்ன ஏன் சொல்லல?"

"சொன்னா மறுபடியும் சோபாவுக்குப் போயிடுவ."

கோபப்படுவான் என்று நினைத்தேன். பட்டான். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்தக் கப்பல் கைவிட்டுப் போயிருக்குமா?" என்று கத்தினான். மரத்த உதட்டிலிருந்து எச்சில் வழிந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டான்.

சோப்பு டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"சோபாவுல எனக்கும் தூக்கம் வரல, இந்தாய்," என்றான் கடைசியில். "இனிமே சத்தம் மாறினா எழுப்பு."

"எழுப்பினா?"

"எழுப்பித் திட்டு. காலைல டாக்டர்கிட்ட போறேன். தலையணையைத் தூக்கமாட்டேன்."

அதைச் சொல்ல இவனுக்கு ஆறு வருஷமும் ஒரு பல்லும் தேவைப்பட்டிருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது.