தர்க்கக் கட்டம்

நாடகத்தில் கதாநாயகி வேஷம் கட்டும் ஸ்திரீபார்ட் முத்துமீனாவுக்கு மேடையில் பயம் என்பதே கிடையாது. எதிரே எவன் நின்றாலும் தர்க்கக் கட்டத்தில் பாட்டுக்குப் பாட்டு, பேச்சுக்குப் பேச்சு கொடுத்து வியர்க்க வைத்துவிடுவாள். அன்று சாயங்காலம் மதுரையில் ஒரு பெரிய அரங்கின் மேக்கப் அறையில், ராஜபார்ட் வேஷத்தில் அழகுபாண்டி வந்து நின்றதைப் பார்த்ததும் அவளே நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள்.

அழகுபாண்டி அவளுடைய புருஷனாக இருந்தவன். மேடையில் மாலை போட்ட கையால் வீட்டில் அடித்தவன். கோர்ட்டில் விவாகரத்து வாங்கி இரண்டு வருஷமாகிறது. அதற்குப் பிறகு தனித்தனியாகத்தான் ஆடினார்கள்; விவாகரத்து என்று தெரிந்தால் தொழில் போய்விடும் என்று இருவருமே வெளியில் மூச்சுவிடவில்லை.

அவளை அழைத்தவன் சித்தார்த். ராக் இசைக்குழு வைத்திருக்கிற கிதார்க்காரன். பழைய இசை நாடகம் ஒன்றை எடுத்து, ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் கிதாரையும் டிரம்ஸையும் வைத்து, மேடையில் நடப்பதை அப்படியே பதிவு செய்து ஆல்பமாக விடப்போகிறானாம். நல்ல யோசனைதான், யார் இல்லையென்றது? ராஜபார்ட் கொட்டாம்பட்டி சின்னச்சாமி என்று சொல்லித்தான் அவளிடம் சம்மதம் வாங்கினான். சின்னச்சாமிக்குத் தொண்டை கட்டிவிட்டது. பழைய ஜோடியையே சேர்த்துவிடுங்கள் என்று எந்த மகராசனோ யோசனை சொல்லியிருக்கிறான்.

போய்விடலாம் என்று எழுந்தாள். ஆனால் அரிதாரம் பூசியாயிற்று. பூசிய பிறகு இறங்கிப் போனவளை இந்த வட்டாரத்தில் யாரும் மறுபடி நாடகத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். வெளியே கூட்டம் விசிலடித்துக்கொண்டிருந்தது. உட்கார்ந்தாள். வேறென்ன செய்வாள், பாவம்.

கதை சின்னதுதான். தோட்டம் காக்கிற பெண்ணை ராஜகுமாரன் மறித்து வாதாடுவான். அவள் தோற்று மாலை மாற்றிக்கொள்வாள். வாதத்துக்கு மட்டும் எழுதிவைத்த வசனம் கிடையாது. வாயில் வருவதைப் பேச வேண்டியதுதான்.

அழகுபாண்டி அதைத்தான் பிடித்துக்கொண்டான். ராகம் இழுத்துக்கொண்டே நெருங்கி வந்து, கோபித்துக்கொண்டு போன பெண் வீடு திரும்ப வேண்டாமா என்று கேட்டான். கதையில் அப்படி ஒரு வீடே இல்லை. அடப்பாவி, இத்தனை பேர் முன்னாலா என்று ஓரடி பின்வாங்கினாள். கையைப் பிடித்தான். கதைப்படி பிடிக்கிற இடம்தான், ஆனால் அந்த முறுக்கு அவளுக்குப் பழக்கமான முறுக்கு.

அவள் பாட்டை விட்டுவிட்டாள்.

"கைய விடுய்யா. நான் வரமாட்டேன். நீ அடிச்ச அடி இன்னும் என் ஒடம்புல இருக்கு. ஒங்கூட வாழ மாட்டேன்னு கோர்ட்டுல சொன்னேன், இங்கயும் சொல்றேன். யாராச்சும் இவனக் கூட்டிட்டுப் போங்கய்யா."

நிஜமாகவே கெஞ்சினாள். அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. தர்க்கத்தில் கோர்ட்டையும் போலீசையும் இழுப்பது வழக்கம்தானே! சித்தார்த் கண்கலங்கிப்போய்க் கிதாரை அலறவிட்டான். ஆர்மோனியம் காளை அண்ணன் மட்டும் வாசிப்பதை நிறுத்தி அவளைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் நாடகம் முடிய வேண்டுமே. தலையைக் குனிந்துகொண்டு கல்யாணப் பாட்டை எடுத்தார். அழகுபாண்டி மாலையைப் போட்டான்.

ஆல்பம் வந்தது. அவள் கெஞ்சியது மினி பஸ்ஸிலும் டீக்கடையிலும் காதுகுத்து வீட்டு மைக்செட்டிலும் ஓடியது. கூப்பிட்ட ஊரெல்லாம் அந்த ஜோடியைத்தான் கேட்டது. அவளைத் தனியாக ஒருவரும் கேட்கவில்லை. பொறுக்க மாட்டாமல் சித்தார்த்திடம் உள்ளதைச் சொல்லி அழுதாள்.

"அதான்க்கா அம்புட்டு உண்மையா இருந்துச்சு," என்றான். ஏற்கனவே ஒப்புக்கொண்டுவிட்ட திருமங்கலத்து ஆட்டத்தை மட்டும் முடித்துவிடலாம் என்று கேட்டுக்கொண்டான்.

திருமங்கலத்தில் திரை விலகுமுன் அழகுபாண்டி அவள் காதோரம் குனிந்தான்.

"மீனா, அடிச்ச அடின்னு சொல்லுவேல்ல, அத இன்னுங் கொஞ்சம் சத்தமாச் சொல்லு. சனம் அதுக்குத்தான் வந்திருக்கு."

திரை விலகியது. அவள் சொன்னாள். அன்றைக்கும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.