அக்காவின் வரியில் பூஜ்ஜியம்

கணினித் திரையில் அக்கா பண்ணையின் வரியில் பூஜ்ஜியம் வந்திருந்தது.

கை தவறி எதையாவது மாற்றிப் போட்டிருப்போம் என்று எல்லா எண்களையும் சரிபார்த்துவிட்டுக் கணக்கை மறுபடி ஓட்டினாள். பெரிய பண்ணைக்கு இருபது டன் தீவனம். வாத்தியார் பண்ணைக்கு மூன்று டன். அக்கா பண்ணைக்கு ஒன்றுமில்லை. கணினிக்கு யார் மேலும் கோபம் கிடையாது. அதனால்தான் அதோடு சண்டை போடவும் முடியவில்லை.

கோழித் தீவன ஆலையின் மாடியறையில் அவளுக்கு வேலை. சோளம், தவிடு, சோயாப் புண்ணாக்கு எல்லாம் எவ்வளவு இருக்கிறது, எந்தப் பண்ணைக்கு எவ்வளவு வேண்டும், தீவனத்தில் புரதம் எத்தனை சதவீதம் இருந்தாக வேண்டும் என்று நிபந்தனைகளை எழுதிக் கொடுத்தால், ஆலைக்கு லாபம் அதிகமாக வரும் பங்கீட்டைக் கணினி சொல்லும். கல்லூரியில் லீனியர் புரோகிராமிங் என்று படித்த கணக்கு. பரீட்சைத் தாளில் அது மேசை நாற்காலிக் கணக்காக வரும். விட்டுப்போன நாற்காலிக்காக யாரும் அழுததில்லை.

இந்த வாரம் சோயா கப்பல் துறைமுகத்திலேயே மாட்டிக்கொண்டது. அக்கம்பக்கத்து ஆலை எதிலும் சோயா கிடையாது. இங்கே கிடங்கில் இருந்தது ஐந்து டன் சொச்சம். பெரிய பண்ணைக்குக் கலந்தது போக, மிச்சம் ஒரே ஒரு சின்னப் பண்ணைக்குத்தான் காணும். ஆனால் சின்னப் பண்ணைகள் இரண்டு.

ஏன் வாத்தியார், ஏன் அக்கா இல்லை என்று தேட வேண்டியிருக்கவில்லை. போன வருஷம் இவள்தான் முதலாளி முன் நின்று, வாய் குழறி, அக்காவுக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று விலை குறைத்து வாங்கிக் கொடுத்திருந்தாள். வாழ்க்கையில் இவள் வாய் திறந்து கேட்ட ஒன்றே ஒன்று. அந்தச் சலுகையால் அக்காவின் மூட்டையில் ஆலைக்கு லாபம் குறைவு. கணக்கு முதலில் அதைத்தான் வெட்டியது. சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அது.

முதலாளி உள்ளே வந்தார்.

"என்னம்மா பட்டதாரி, கப்பல் கவுந்த மாதிரி கன்னத்துல கை? கவுழலம்மா. நிக்குது, அவ்வளவுதான்."

அவள் திரையைக் காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"உங்க அக்காவா?"

"ஆமா சார்."

"நான் சொல்லலம்மா. கணக்கு சொல்லுது. நாலு மணிக்குத் தீவனம் கலக்குற மிக்சர் ஓட்டணும். அதுக்குள்ள வேற வழி கிடைச்சா சொல்லு."

"பெரிய பண்ணைக்குக் கொஞ்சம் புரதத்தைக் குறைச்சா..."

"லாரி போய் நின்னதும் அவங்க லேப்ல சோதிப்பாங்க. கால் சதவீதம் குறைஞ்சாலும் அப்படியே திருப்பி விடுவாங்க. அதோட ஆலைக்குப் பூட்டு. உனக்குத் தெரியாதா?"

தெரியும். அவர் போனதும், இரண்டு சின்னப் பண்ணைக்கும் மூன்று டன் கொடுத்தே ஆகவேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்த்து ஓட்டினாள். 'சாத்தியமான தீர்வு இல்லை' என்றது திரை.

அக்காவிடம் நாலாயிரம் கோழிகள். அத்தான் இறந்த பிறகு தனி ஆளாக எழுப்பிய இரண்டு கொட்டகை. இவள் படித்த படிப்பே அந்த முட்டையில்தான். கொட்டகையில் தீவனம் நாளைக் காலை வரைதான் வரும். அதற்கப்புறம் நாலாயிரமும் காலித் தொட்டியைக் கொத்தும். பசித்த கோழி தொட்டியோடு நிறுத்தாது. பக்கத்துக் கோழியையும் கொத்தும்.

போனை எடுத்தாள். வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

"என்னடி, இந்நேரத்துல?" பின்னால் கோழிச் சத்தம் இரைந்தது. "லாரி எப்ப வருது? ஆளுங்கள நிக்கச் சொல்லணும்."

"அக்கா... உனக்கு இந்த வாரம் வரல."

"லேட்டாகுமா?"

"இல்லக்கா. கணக்குல உனக்கு பூஜ்ஜியம் வந்திருக்கு."

கோழிச் சத்தம் குறைந்தது; அக்கா கொட்டகையை விட்டு வெளியே வந்துவிட்டாள்.

"கணக்கு யாரு போட்டது?"

"நான்தான்."

"நல்லா இருக்கு. உன்னைப் படிக்க வெச்சதுக்கு எனக்கு முதல் மார்க்கு."

விலைச் சலுகையைப் பற்றி அவள் சொன்னாள். சொல்லும்போதே மூக்கை உறிஞ்சினாள்.

"அழாதடி. அந்தச் சலுகைய எடு. எல்லாரும் குடுக்கிற விலைய நானும் குடுக்கிறேன். ஒரு ரூபா கூடவே போட்டுக்கோ. இப்பவே போடு, நான் லைன்ல இருக்கேன்."

போட்டாள். ஓட்டினாள். அக்காவின் வரியில் மூன்று வந்தது. ஒரு மூச்சு விடுவதற்குள் மேல் வரியைப் பார்த்துவிட்டாள்.

"வந்துடுச்சாடி?"

"வந்துடுச்சு. வாத்தியாருக்கு பூஜ்ஜியம்."

வாத்தியார் ஓய்வுபெற்ற பணத்தை முழுக்கக் கோழியில் போட்டவர். ஒவ்வொரு கோழிக்கும் வருகைப்பதிவு எடுப்பார் என்று அக்காவே கேலி செய்வாள். போன மாதம் அக்காவின் கொட்டகையில் சீக்கு வந்தபோது, விடியற்காலையில் சைக்கிளில் மருந்து கொண்டுவந்து நின்றதும் அவர்தான்.

"அவருக்குத் தங்கச்சி யாராவது ஆலையில இருந்தா, அவ என்னைத்தான் வெட்டியிருப்பா," என்றாள் அக்கா.

"ஆமாக்கா."

"நடுவுல எதையும் சொல்லாதா உன் கணக்கு? ஒண்ணு இவன், இல்ல அவன்?"

"அது மூலைக்குத்தான் ஓடும்க்கா. லாபம் ஒரு ரூபா கூடுற பக்கமே முழுசாக் குடுத்துடும். அது சுபாவம் அப்படி."

"அப்ப நீ எதுக்குடி இருக்க?"

குத்துவதற்காகக் கேட்டது அல்ல. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போலிருந்தது. அதனால் கூடுதலாக வலித்தது. அவள் நிபந்தனைகளை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாக வாசித்தாள். சோயா இவ்வளவுதான்: அதை மாற்ற முடியாது. பெரிய பண்ணை: முடியாது. புரதம் எல்லா மூட்டையிலும் பதினேழு சதவீதத்துக்குக் குறையக்கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவளே எழுதிய வரி. மூட்டையில் பதினேழு என்று அச்சடித்திருந்தது, எழுதினாள். அதற்குப் பிறகு அதைத் தொட்டதில்லை.

பதினேழு, கோழி முட்டையிட. உயிரோடு இருக்க அவ்வளவு வேண்டாம்.

"அக்கா, மிச்சமுள்ள சோயாவை உனக்கும் அவருக்கும் பாதிப் பாதி போட்டு, சோளமும் தவிடும் கூட்டிக் கலக்கலாம். புரதம் பதின்மூணுகூட வராது."

"சாகுமா?"

"சாகாது."

"முட்டை?"

"பாதிக்கு மேல நின்னுடும். இறகு கொட்டும். பழையபடி இடறதுக்கு மாசக்கணக்குல ஆகும். ஒருத்தருக்கே முழுசாக் குடுத்தா, அந்த ஒருத்தராவது தப்பிப்பாங்க. கணக்குப்படி அதுதான் சரி."

அக்கா யாரையோ "தண்ணிக்குழாய மூடு" என்று அதட்டினாள். பிறகு குரல் இறங்கியது.

"பாதிப் பாதி போடு. சலுகைய எடுத்தது எடுத்ததாவே இருக்கட்டும். வாத்தியார்கிட்ட நான் பேசிக்கிறேன்."

முதலாளி கீழே எடைமேடையருகே நின்றிருந்தார். நாலு பேர் இருக்கும் இடத்துக்கு அவள் தானாக இறங்கிப் போனதில்லை. சொல்லி முடிப்பதற்குள் சுடிதார் முனையை விரலில் சுற்றிச் சுற்றிக் கசக்கிவிட்டாள்.

"லாபம் குறையுதா?"

"குறையுது சார். சத்து குறைஞ்ச தீவனத்துக்கு ரொம்பக் குறைச்சுத்தான் விலை போடணும்."

"குறைஞ்சதை உன் சம்பளத்துல புடிச்சுக்கவா?"

"புடிச்சுக்குங்க."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பதினேழுன்னு அச்சடிச்ச மூட்டையில அது போகக்கூடாது. வெறும் சாக்குல கட்டச் சொல்லு," என்று சொல்லிவிட்டு மிக்சர் பக்கம் நடந்தார்.

பேரில்லாத வெள்ளைச் சாக்குகள் லாரியில் ஏறின. தூசி படிந்த ஜன்னல் வழியாக அவள் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"வாத்தியார் சரின்னுட்டார்டி. அரைப் பரீட்சை லீவுன்னு கோழிங்ககிட்ட சொல்லிடறாராம்." அக்கா சிரிக்க முயன்றாள். வரவில்லை. "ஏய், அடுத்த வாரமும் கப்பல் வரலைன்னா?"

"தெரியலக்கா."

"கணக்குப் போட்டுப் பாரேன்."

அவள் சோயா இருப்பு என்ற இடத்தில் பூஜ்ஜியத்தை இட்டாள். பொத்தானை அழுத்தவில்லை. பதில் அவளுக்குத் தெரியும்.

"பாக்கறியாடி?" என்றாள் அக்கா.

"பாத்துக்கிட்டே இருக்கேன்க்கா."